மரமில்லில் இறங்கிய விமான தளம்

அந்த விமான தளத்திலிருந்து கடைசி விமானம் கிளம்பிப் போய் முப்பத்தோரு வருஷம் ஆகிறது. போகிற அவசரத்தில் பட்டாளம் இரண்டை மறந்துவிட்டுப் போய்விட்டது. ஒன்று ஓடுபாதை. இன்னொன்று காவலாளி.

ஓடுபாதையைச் சுருட்டி எடுத்துப் போக முடியாது, சரி. காவலாளியை? ஏதோ ஒரு பட்டியலில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. அவரும் நன்றி மறக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதித் தபாலில் போடுவார்: 'ஓடுபாதை தயார். விமானம் எதுவும் வரவில்லை.' பதில் ஒருநாளும் வந்ததில்லை. அதுதான் அந்தக் குடும்பத்தின் நிம்மதி.

ஓடுபாதையின் முனையில் ஒரு கம்பம். அதன் உச்சியில், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விமானிக்குக் காட்டும் துணிக்குழாய், காற்றுப்பை. பட்டாளம் கொடுத்தது கிழிந்த பிறகு காவலாளியின் மனைவிதான் வருஷத்துக்கு ஒன்று தைத்துக் கொடுத்தாள். பழைய போர்வை, குடைத்துணி, ஒரு வருஷம் தன்னுடைய பூப்போட்ட பாவாடை. ஊர் அவளுக்குக் காற்றுப்பைக்காரி என்றே பெயர் வைத்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அடியில் இருக்கும் இரண்டு அறைதான் அவர்கள் வீடு. மேலே புறாக்கள் விமானப்படை நடத்திக்கொண்டிருந்தன.

"ஏம்மா, வீட்டுக்காரர் இல்லையா? சரித்திரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

வாசலில் நின்றவர் பக்கத்து மரமில்லு முதலாளி. வரலாற்றுக் கழகத்தின் தலைவரும் அவரே. கழகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்பது அவருக்கே சந்தேகம்.

"கம்பத்துக்கு எண்ணெய் போடப் போயிருக்காருங்க. என்ன சரித்திரம்?"

"இந்தத் தளத்தப் பத்திப் புத்தகம் எழுதறேன். முதல் பிரதி பட்டாளத் தலைமை ஆபீசுக்கு."

கையிலிருந்த ஊசி அவள் விரலில் ஏறியது.

"வேணாங்க முதலாளி. இவருக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. ஆபீசுல எவனாவது படிச்சுட்டு, செத்துப்போன தளத்துக்கு எதுக்குக் காவல்னு கேட்டுட்டா, மறுநாளே நாங்க தெருவுல நிப்போம்."

"நாட்டோட சரித்திரம் பெருசா, உன் ரெண்டு ரூம் பெருசா?"

"மழை பெய்யறப்ப ரூம்தாங்க பெருசு."

அவர் காதில் அது விழவில்லை. நோட்டைத் திறந்தார்.

"சண்டைல இங்க எத்தனை குண்டு விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழலீங்க. சமையல்கூடத்துப் புகைக்கூண்டு ஒரு தடவ விழுந்துச்சாம்."

"எதிரி விமானம் வந்திருக்கும்ல?"

"இப்படி ஒரு இடம் இருக்குன்னு எதிரிக்குத் தெரியவே தெரியாதுன்னு இவரு சொல்லுவாரு."

'எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவிய தளம்' என்று எழுதிக்கொண்டார் முதலாளி.

"குண்டுக் கிடங்கு எங்க இருந்துச்சு?"

"கிடங்கெல்லாம் கிடையாதுங்க."

"கிடங்கு இல்லாம ஒரு தளமா? யார்கிட்ட கத விடற? எங்க மில்லுக்குப் பின்னால ஆள் ஆழத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கே..."

"அது மரம் ஊறப்போடற தொட்டிங்க. உங்கப்பா கட்டினது."

"மரம் ஊறவைக்க எதுக்கு அம்மாம் பெரிய சுவரு? பட்டாளம் கட்டினதைத்தான் அப்பா பிடிச்சு வச்சிருக்காரு! அப்படின்னா மில்லு நிக்கிற மொத்த இடமும்..." முதலாளியின் கண் சோடா மூடி அளவுக்கு விரிந்தது. "தளத்தோட இருதயமே எங்க இடத்துலதான் இருந்திருக்கு!"

காற்றுப்பைக்காரி தையலை மடியில் வைத்தாள்.

"நல்லா யோசிச்சு எழுதுங்க முதலாளி."

"யோசிச்சாச்சு."

"உங்க கையெழுத்தும் போடுவீங்களா?"

"ஒவ்வொரு பிரதியிலும்!"

"அப்ப எழுதுங்க" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தாள்.

புத்தக வெளியீடு ஓடுபாதையிலேயே நடந்தது. முதலாளியின் முகம் ஆள் உயரத்துக்கு அச்சடித்த துணி பேனர் ஒன்று கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. பேசியவர்கள் எல்லாரும் முதலாளியைப் பற்றிப் பேசினார்கள். விமானத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரியின் கையில் அந்தப் புத்தகம். காவலாளி விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"திங்கட்கிழமை திங்கட்கிழமை லெட்டர் போடறது நீங்கதானா? வானிலை ஆபீசு லெட்டர்னு நினைச்சு அங்க திருப்பி அனுப்பிட்டு இருந்தோம்."

"வீட்டைக் காலி பண்ணணுங்களா?" என்று நேராகவே கேட்டாள் அவள்.

"அதுக்குத்தான் கிளம்பினேன். வர்ற வழியில நாப்பத்து மூணாம் பக்கத்தைப் படிச்சேன். குண்டுக் கிடங்குன்னு இருக்கு. கிடங்கு இருக்கற இடத்துல காவலை எடுக்க விதி இல்ல. அந்த மில்லு எங்க?"

மில்லில் முதலாளி வரவேற்ற அழகும், விஷயம் புரிந்ததும் முகம் போன போக்கும் தனிக் கதை.

"ஐயா, அது மரம் ஊறப்போடற தொட்டி! எங்கப்பா கட்டினது!"

"'சந்தேகத்துக்கு இடமில்லை'ன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஒரு அழகுக்கு எழுதினதுங்க!"

"கையெழுத்தும் அழகாத்தான் இருக்கு. பட்டாள நிலம்னா மில்லு காலி பண்ணணும். விசாரணை முடியற வரைக்கும் பூட்டு."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் காற்றுப்பைக்காரி நின்றிருந்தாள்.

"ஏம்மா! தொட்டின்னு நீதானே சொன்னே? ஐயாகிட்ட சொல்லும்மா!"

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். பக்கத்தில் நின்ற காவலாளி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சொன்னேங்க" என்றாள். "நான் சொன்னதை எழுதாம தான் நெனச்சதை எழுதினாரு. இப்ப நான் திருப்பிச் சொன்னா மட்டும் எழுதிக்குவீங்களா?"

"எழுதிக்குவேன். விசாரணைல சேத்துக்குவேன்."

"எவ்வளவு நாளாகுங்க விசாரணை?"

"எங்க ஆபீசுலயா? அஞ்சு வருஷத்துக்குக் குறையாது."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். வீட்டுக்காரரின் சர்வீஸ் நாலு போக, ஒரு வருஷம் மிச்சமே வந்தது.

"அப்ப எழுதிக்குங்க. அது தொட்டிதான்" என்று சொல்லிவிட்டு முதலாளியைப் பார்த்தாள். "நாட்டோட சரித்திரம் பெருசா, உங்க மில்லு பெருசாங்க?"

கிளம்பும்போது அதிகாரி காவலாளியைக் கூப்பிட்டு, இனி மில்லும் அவர் பொறுப்பு என்றார். விதிப்படி அங்கேயும் ஒரு கம்பம் நட வேண்டும், காற்றுப்பை கட்ட வேண்டும்.

"துணிக்கு எங்கடி போவோம்?" என்று வழியில் புலம்பினார் காவலாளி.

"அந்த பேனர் இருக்கே. கெட்டித் துணி."

மறுவாரமே பேனர் காற்றுப்பையாகி மில்லுக் கம்பத்தில் ஏறியது. காற்று இல்லாத நேரம் முதலாளியின் முகம் சுருங்கித் தொங்கும். காற்றடித்தால் கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்க்கும்.