இரண்டு பேர் எடைக்கு

கண்ணாடிக்காரர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு பாடினால் வேலை நன்றாகப் போகிறது என்று அர்த்தம். அன்று காலை அவர் பாடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அதைக் கேட்ட தையல்காரி தையல் மிஷினை நிறுத்தினாள். வேலை முடிந்தால் அடுத்து அவளைத்தான் கூப்பிடுவார்.

கண்ணாடிக்காரர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கார் அவர்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. இரண்டே இரண்டு சீட், தாழ்ந்த கூரை, உள்ளே இறங்குவதற்கே ஒரு பயிற்சி வேண்டும். அதற்கு அவர் புதிதாக ஒரு ஸ்வே பார் வாங்கிப் போட்டிருந்தார். முன்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கிற கம்பி அது; வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்தது விரல் தடிமன். இவர் வெளியே வாங்கியது கட்டை விரலைவிடத் தடிமன்.

போட்ட நாளிலிருந்து வண்டி இடது பக்கம் திரும்பினால் சொன்ன பேச்சைக் கேட்டது, வலது பக்கம் திரும்பினால் முரண்டு பிடித்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். நேர் ரோட்டில் போகும்போது அந்தக் கம்பி எந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளாமல் சும்மா கிடக்க வேண்டும். அதற்கு இரண்டு முனையிலும் உள்ள லிங்க் தண்டுகளின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். அதுவும் வண்டிக்குள் ஆள் உட்கார்ந்திருக்கும்போது. இவரோ காலி வண்டியில் செய்துவிட்டார்.

"ஆளே இல்லாம சட்டைக்கு அளவெடுத்த கதைதான்," என்று அவள் சிரித்தாள். சிரித்தது தப்பாகப் போயிற்று.

"அதான் சொல்றேன். ரெண்டு பேரையும் வச்சு அளவெடுக்கப் போறேன். இனிமே நீ இல்லாம இந்த வண்டி எங்கேயும் போகாது," என்றார் அவர்.

அவளுக்கு ஒளிக்க ஒன்று இருந்தது. போன மழைக்காலத்தில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. நோய் போய்விட்டது, பசி மட்டும் திரும்பி வரவில்லை. எடை இறங்கிக்கொண்டே போயிற்று. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் படுத்திருந்த நாட்களில் மனிதர் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவே கதி என்று கிடந்தவர். சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார். கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்கிற தவிப்பில் அங்கே உட்கார்ந்து போனைத் தடவித் தடவி வாங்கியதுதான் அந்தக் கம்பியே. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவள் வாய்க்கு வந்தபடி, "பழைய எடை வந்துடுச்சுங்க," என்று சொல்லிவைத்தாள். அன்று ராத்திரி அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கடையைத் திறந்தார்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவள் ஊசியால் செய்தாள். உடைக்குள் ஒரு லைனிங், தோளில் கொஞ்சம் பஞ்சு, இடுப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவருக்குத் தன் பெண்டாட்டி இளைத்தது தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, தையல் அப்படி.

பாட்டு நின்றது.

"டெய்லரம்மா! வா, வந்து உட்காரு!"

"எனக்குப் பதிலா மணல் மூட்டைதான் இருக்கே, நான் எதுக்கு?"

"மூட்டை வேற, ஆள் வேற. மூட்டை சாஞ்சு உட்காருமா? காலை நீட்டுமா? கடைசியா ஒரு தடவை பாத்துட்டா முடிஞ்சுது."

இரண்டு மணல் மூட்டைகளை அவர் எடை போட்டுக் கட்டியிருந்தார். ஒன்று அவர் எடைக்கு, இன்னொன்று அவள் சொன்ன எடைக்கு. கீழே படுத்துத் திருகுகிறவர் மேலே உட்கார முடியாது என்பதால் அவருடைய மூட்டை டிரைவர் சீட்டிலேயே இருக்கும். அவளுடையதை இறக்கிவிட்டு அவள் உட்கார வேண்டும்.

அவள் கைப்பையைத் தேடி எடுத்தாள். அதற்குள் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். பெரிய கத்திரிக்கோலையும் போட்டாள். தண்ணீர் பாட்டில் இரண்டு. இதற்கு மேல் போட்டால் பை அறுந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கராஜுக்குப் போனாள்.

நான்கு சக்கரங்களும் ஒரே உயர மரக்கட்டைகளின் மேல் நின்றன. அவள் உள்ளே இறங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டைக்கு அவர் பெல்ட் வேறு போட்டுவிட்டிருந்தார்.

"இவரு உங்களைவிட அமைதியானவரா இருக்காரே," என்றாள்.

"பழகிப் பாரு. பாட மாட்டான்," என்று கீழேயிருந்து பதில் வந்தது. "ஆடாம இரு. லிங்க் போல்ட்டைப் போடறேன். மூட்டை இருந்தப்போ ஒரு விரலாலே தள்ளினேன், வழுக்கிக்கிட்டுப் போச்சு."

பிறகு ஒரு முனகல். ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"என்னாச்சு?"

"போக மாட்டேங்குது. துளை அரை நூல் தள்ளி நிக்குது."

அவர் வெளியே வந்து டயர் காற்றைப் பார்த்தார். மரக்கட்டைகளை ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மறுபடி கீழே போனார். மறுபடி வெளியே வந்து அவள் பக்கத்து லிங்கைக் கழற்றி அளந்து மாட்டினார். ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டார், அவளைத் தவிர. அவள் மடியில் இஸ்திரிப் பெட்டி கனத்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் எப்படியோ திருகி முடித்துவிடுவார், தப்பித்துவிடலாம்.

ஆனால் அவர் அலுத்துக்கொள்ளவில்லை. கீழேயே அசையாமல் கிடந்தார்.

"எனக்கு என்னவோ ஆயிடுச்சு," என்றார் மெதுவாக. அந்தக் குரலை அவள் ஆஸ்பத்திரியில்தான் கடைசியாகக் கேட்டிருந்தாள். "மூணு தடவை அளந்தேன். கண்ணு பொய் சொல்லுது, இல்ல கை பொய் சொல்லுது. நாளைக்கு ஒருத்தர் கண்ணுக்கு நான் எந்த நம்பிக்கையில லென்ஸ் வெட்டுவேன்? கொஞ்ச நாள் கடையை மூடிட்டுப் பாக்கலாம்னு தோணுது."

எதற்குப் பயந்து இத்தனை நாள் தைத்தாளோ அதுவே எதிரில் வந்து நின்றது. பக்கத்திலிருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு, அதனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்க கண்ணும் சரி, கையும் சரி. நான்தான் கொறஞ்சுட்டேன்."

கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு?"

"பதினோரு கிலோ. இப்ப பையில இஸ்திரிப் பெட்டி வேற இருக்கு."

அவர் முகம் தெரியாமல் அப்படி உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. காருக்கு வெளியே நீட்டியிருந்த அவர் கால்கள் மட்டும் கண்ணில் பட்டன. ஒரு காலில் செருப்பு கழன்றிருந்தது. பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு பாதியில் உடைந்து மூக்கை உறிஞ்சும் சத்தமாக முடிந்தது.

"இஸ்திரிப் பெட்டியா?"

"கத்திரிக்கோலும்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

அவர் கால் தடவித் தடவிக் கழன்ற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டது.

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்," என்றார் கடைசியில். "நானும் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன், போதுமா? இப்ப அந்தப் பையை எடுத்து வெளிய வை. வச்சுட்டு ஆடாம உட்காரு."

"நீங்க பழைய அளவுக்கே விட்டு வைங்க. இன்னும் கொஞ்ச நாள்ல ஏறிடுவேன்."

"விட்டு வைக்கிறதுக்கு இது என்ன பள்ளிக்கூட யூனிபார்மா, வளரும்னு மடிச்சுத் தைக்க?" குரல் இன்னும் கரகரத்தது, ஆனால் ஸ்பேனர் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. "இன்னைக்கு இருக்கிற உனக்குத்தான் வண்டி. நாளைக்கு ஏறினாலும் சொல்லு, எறங்கினாலும் சொல்லு. மறுபடி படுத்துத் திருகுறேன். எனக்கு வேற என்ன வேலை?"

அவள் பையைக் கதவு வழியாக வெளியே வைத்தாள். மடி லேசாயிற்று. கீழே லிங்க் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது சீட் வழியாக முதுகில் தெரிந்தது. அரைச் சுற்று, நிறுத்தம், இன்னொரு அரைச் சுற்று. அப்புறம் போல்ட் துளைக்குள் வழுக்கிப் போகிற சத்தம்.

"போயிடுச்சு," என்றார். "இந்த அளவு மாறாம இருக்க லாக் நட்டை இறுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லணும்."

"இனிமே சொல்றேன்," என்றாள் அவள்.

அவர் நட்டை இறுக்கினார்.