வாலாஜாபாத் களத்தில் எடுத்த படம்

பட்டுப் புடவைகளின் முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுப்பது அம்சவேணியின் தொழில். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஸ்டூடியோ வைத்திருந்த பாலாஜி, புதுக் கேமரா வாங்கியதும் பழையதை அவளிடம் விற்றார். கட்டி முடித்த குச்சுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம் என்று சொல்லித்தான் வாங்கினாள். மூன்றாவது நாளே புடவையை மறந்துவிட்டு, கொல்லை முருங்கை இலையில் நின்ற பனித்துளியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவள் கணவன் உதயகுமார் ஒரு பெரிய பட்டுக் கடையில் பதினெட்டு வருஷம் விற்பனையாளனாக இருந்தவன். கல்யாணப் புடவை எடுக்க வருபவர்கள் அவனைத் தேடி வருவார்கள். புடவையைப் பிரித்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டி, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமியாரைக்கூடச் சிரிக்கவைத்துவிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடப்பக்கம் தொங்கிப்போயிருந்தது. முகவாதம் என்றார் டாக்டர். மாத்திரை, பயிற்சி என்று ஆறு மாதத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதி அப்படியே நின்றுவிட்டது. பேசும்போது வாய் லேசாக வலப்பக்கம் இழுக்கும். சிரித்தால் இடது கண் பாதி மூடிக்கொள்ளும். அந்தக் கண் காய்ந்துபோகாமல் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். "கொஞ்ச நாளு கீழ குடோன் பாத்துக்கோ உதயா, ரெஸ்டா இருக்கும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. உதயகுமாரும் கேட்கவில்லை. யார் கல்யாணத்துக்குப் போனாலும் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்துப் பந்திக்குப் போய்விடுவான்.

மார்கழி அவனுக்குப் பிடித்த மாதமாகிவிட்டது. குளிருக்கு மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அம்சவேணியின் சோதனைகளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுத் துண்டை டார்ச்சின் முன்னால் பிடித்தால் சுவரெல்லாம் நீலமும் பச்சையும் விழும். அந்த வெளிச்சத்தில் தண்ணீர் டம்ளரைப் படம் எடுப்பாள். டார்ச் பிடிப்பது உதயகுமார். இட்லிப் பானையைத் திறக்கும் நொடியில் ஆவியைப் பிடிக்க வேண்டும் என்பாள். மூடியைத் திறப்பதும் அவனே.

"இன்னொரு தரம் மூடித் தெறங்க."

"இட்லி கல்லாப் பூடும்மா."

"கல்லானா நான் துன்னுக்கிறேன். தெறங்க."

கேமராவை அவன் பக்கம் மட்டும் அவள் திருப்பியதில்லை. அவன் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முதல் வாரம் திருப்புட்குழிக் குளம். பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. அவள் எடுத்த நாற்பது படமும் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தன. "காசில்லாம மேகத்துக்குள்ள பூந்துட்டு வந்தோம்னு வெச்சிக்கோ" என்றான் உதயகுமார். அடுத்த வாரம் வாலாஜாபாத். அங்கே ஒரு அரிசி ஆலையில் நெல் அவித்துக் களத்தில் கொட்டும்போது ஆவி பனைமர உயரத்துக்கு எழும்பும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சொன்னது உண்மைதான். குளிரில் அவிந்த நெல்லைக் கொட்டக் கொட்ட, களம் முழுக்க வெண்ணிற ஆவி சுருண்டு எழுந்தது. அதற்குள் பெண்கள் நடந்து காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி மேஸ்திரியிடம் அனுமதி கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் எடுத்தாள். ஆவி பட்டு லென்ஸ் மங்கும்போதெல்லாம் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், காலில் ஒட்டிய நெல்லோடு வந்து எதிரில் நின்றாள்.

"என்னெ ஒண்ணு எடும்மா. நல்லதா. ஊட்ல மாட்டுறாப்ல."

"பேரு இன்னாக்கா?"

"செல்லியம்மா."

அவ்வளவு நேரம் இயல்பாக நடந்துகொண்டிருந்த செல்லியம்மாள், கேமரா தன்னைப் பார்த்ததும் மரக்கட்டையாகிவிட்டாள். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. கண் அசையவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் மாதிரி விழுந்தது.

"கொஞ்சம் சிரிக்கா."

செல்லியம்மாள் பல்லைக் காட்டினாள். அது இன்னும் மோசம்.

பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற உதயகுமார் முன்னால் வந்தான். அவன் யோசித்து வந்ததாகத் தெரியவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் கால்களை நகர்த்தியிருக்க வேண்டும். ஆவியின் வெக்கைக்கு மஃப்ளரை எப்போதோ அவிழ்த்துப் பையில் போட்டிருந்தான்.

"அக்கா, தலைத்துண்ட அவுரு. இப்டித் தோள்ல போடு. இது இன்னா துண்டுன்னு நெனச்ச? அசல் ஜரிகை. கட கடயா ஏறி எறங்கு, இந்தக் கலரு கெடைக்காது."

"இதுவா? சந்தைல வாங்குன துண்டுப்பா!"

"சந்தைன்னு வெளிய சொல்லாத. மாப்ள ஊட்டுக்காரங்க காதுல விழப்போவுது. இன்னும் ரெண்டு எடுத்துப் போடட்டா? ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு ஒம் மாமியாருக்கு."

"அது செத்து இருவது வருசமாவுதுபா!"

"அப்ப ரெண்டையும் நீயே கட்டு!"

செல்லியம்மாள் வெடித்துச் சிரித்தாள். துண்டின் ஒரு முனை அவள் தோளில், மறு முனை உதயகுமார் கையில். அவனும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான், வாய் ஒரு பக்கமாக ஏற, இடது கண் பாதி மூட. இரண்டு வருஷமாக அம்சவேணி அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கவில்லை. அவள் விரல் அழுத்திவிட்டது.

வீட்டுக்கு வந்து கேமராத் திரையில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவனிடம் காட்டவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. மறுநாள் அவள் குச்சு கட்டிக்கொண்டிருந்தபோது, நெல் படங்களைப் பார்க்கலாம் என்று உதயகுமாரே கேமராவை எடுத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தால் அவன் முகம் மாறியிருந்தது.

"கேக்காம ஏன் எடுத்த?"

அவள் நூலைக் கீழே வைத்தாள்.

"ஊரே எடுத்தா பரவால்ல. நீயுமா அம்சா?"

"தப்புதான். நீங்க சிரிச்சீங்க, கை தானா போயிடுச்சு. கேட்டிருக்கணும். அழிச்சிடுங்க. அந்தக் குப்பைத் தொட்டி மாதிரி கீதே, அதை அமுக்கினா போயிடும்."

அவன் கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினான். இரண்டு நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. அவளும் கேமராவைத் தொடவில்லை. தெருவில் திருப்பாவை பாடிக்கொண்டு போனவர்களைக்கூட ஜன்னல் வழியாக வெறும் கண்ணால் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

"அந்தக்கா ஊட்ல மாட்டப் படம் கேட்டுச்சே. எதைக் குடுக்கப்போற?"

"தனியா நிக்குறதை."

"அது பாவம், போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குற மாதிரி இருக்குது." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சிரிக்கிறதையே போடு."

"அதுல நீங்க இருக்கீங்க."

"தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிண்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார்கள். செல்லியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயே, எம்மாம் சிரிச்சிக்கினு கீறேன்!" பிறகு உதயகுமாரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு கீதே, அடி பட்டுச்சா?"

அம்சவேணி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அவனிடம் நேராக இப்படிக் கேட்டதில்லை. பார்ப்பார்கள், பிறகு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"அடி இல்லக்கா, முகவாதம். ரெண்டு வருஷமாவுது. இதுக்கு மேல சரியாவாதுன்னுட்டாங்க."

"வலிக்குதா?"

"இல்ல. சிரிச்சா கோணிக்கும்."

"சிரிச்சா எல்லாருக்குந்தான் கோணும். என்னெப் பாரு, பல்லு பூரா வெளிய கீது." படத்தை மார்போடு வைத்துக்கொண்டாள். "இதை அலமாரி மேல வெக்கிறேன். எங்கூட யாருன்னு கேட்டா, தம்பின்னு சொல்லிக்கிறேன்."

திரும்பும் வழியில் உதயகுமார் வண்டியை ஓரமாக நிறுத்தினான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும் என்றான். அவள் விட்டாள். மருந்து வழிந்து முடிந்த பிறகும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவன் கடைக்காரரிடம் போய், "மறுபடியும் மேல வரட்டா சார்?" என்று கேட்டான். அவர் சங்கடத்தோடு யோசித்து, பொங்கல் முடியட்டும் என்றார். தை இரண்டாம் வாரம் உதயகுமார் பழைய இடத்தில் உட்கார்ந்தான். முதல் நாள் ஒரு குழந்தை அவன் வாயையே முறைத்துப் பார்த்தது. அதன் அம்மா பதறி அதை இழுத்தாள். அவன் கன்னத்தை உப்பி வாயை இன்னும் கோணலாக்கிக் காட்டினான். குழந்தை சிரித்தது. அன்று அவர்கள் மூன்று புடவை எடுத்தார்கள். எல்லா நாளும் அப்படி அமையவில்லை. சில சாயங்காலங்களில் பேசாமல் வந்து படுத்துக்கொள்வான்.

அம்சவேணி இப்போது கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள். தை மாதக் கடைசி ஞாயிறு ஓரிக்கையில் பாலாற்று மணலில் நின்றபோது, இளவெயில் அவன் மேல் அழகாக விழுந்தது.

"எடுக்கட்டுமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இன்னிக்கு வேணாம்மா."

"சரி" என்று கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். அவன் பக்கத்தில் வந்து, வெயில் லென்ஸில் விழாதபடி உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டான்.