மிளா பார்க்கப் போனது

என் மனைவி நேசபாய் மிளாவைப் பார்க்க இரண்டாம் முறை கிளம்பியபோது நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். மிருகக்காட்சிப் பூங்காவில் அதற்குக் கடமான் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அது மிளாதான். குட்டியாக இருந்தபோது நாய்களுக்குப் பயந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்குள் வந்து விழுந்தது. இவள் புட்டிப்பால் கொடுத்து, மகள் என்ற அர்த்தத்தில் மோளு என்று பேர் வைத்து, மஸ்கட்டில் இருக்கும் மகனின் அறையில் படுக்கவைத்து வளர்த்தாள். பெரிதானதும் பக்கத்துத் தோட்டத்து வாழையில் வாய் வைத்தது. வனத்துறைக்காரர்கள் வந்து, காட்டு மிருகத்தை வீட்டில் வைப்பது குற்றம் என்று எங்கள் இருவரையும் வறுத்தெடுத்துவிட்டு அதைப் பூங்காவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அது நிம்மதிதான். ரப்பர் பால்வெட்டப் போனால் காலைச் சுற்றிக்கொண்டு வரும். மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையை மூக்கால் தட்டிப் பாலைக் கொட்டும். அதை விரட்டுவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆனாலும் போனேன். தனியாக விட்டால் இவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். சர்ச்சுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் தூக்குவாளி நிறையப் பலாப்பழச் சக்கைச்சுளையோடு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் கேட்டதற்கு மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூங்காவில் தீனி போடுகிற ஞானையன் எங்களைக் கண்டதும் முகம் மாறிப்போனார்.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும். போன தடவ நீங்க ரெண்டுபேரும் வந்துட்டுப் போன பொறவு அது தீனியத் தொடல்ல. கம்பியில முட்டி முட்டி நெத்தியெல்லாம் ரெத்தம். இப்பந்தான் கூட்டத்தோட சேந்துருக்கு. இன்னொருக்க அப்பிடி ஆனா பொழைக்காதுன்னு டாக்டரு சொல்லியாச்சு."

"அப்ப நான் பாக்கண்டாமா?"

"தூரத்துல நின்னு பாருங்க. ஆனா மிண்டப்பிடாது. ஒங்க சத்தம் கேட்டா அறிஞ்சிரும்."

நேசபாய் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு அயனி மரத்தின் பின்னால் போய் நின்றாள். நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு எல்லா மிளாவும் ஒன்றுபோல்தான் இருந்தன. இவள் உடனே கையை நீட்டிக் காட்டினாள். மோளு தடித்துப் போயிருந்தது. கூட்டத்தின் நடுவில் நின்று தழை தின்றுகொண்டிருந்தது.

இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நின்று நின்று கால் வலித்தது. பஸ் போய்விடும்.

"ஏட்டி, போதும், வா" என்றேன்.

மிளா தலையைத் தூக்கியது. வாயில் தழை தொங்க, இரண்டு காதும் எங்கள் பக்கம் திரும்பின.

வீட்டில் அதையும் நான் ஏட்டி என்றுதான் விரட்டுவேன். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தது. கம்பியில் மூக்கை வைத்து என் கையைத் தேடியது. நேசபாய் மரத்தைவிட்டு வெளியே வந்தாள். இனி ஒளிந்து என்ன?

"மோளு" என்றாள்.

அது அவளை ஒருமுறை பார்த்தது. பிறகு மறுபடியும் என் கைப்பக்கமே வந்தது.

"போன தடவ நீங்க எனக்குப் பொறத்தால நின்னிய" என்றாள். "அப்பமும் அது தேடுனது ஒங்களத்தான். என்னத் தேடுச்சுன்னு நான் வேற சந்தோசப்பட்டுட்டுத் திரிஞ்சேன்."

நான் கம்பியருகே போய் அதன் மூக்கில் கையை வைத்தபடி நின்றேன். மகன் விமானம் ஏறியபோதுகூட நான் அப்படி நின்றதில்லை.

"அண்ணாச்சி, மாறுங்க, மாறுங்க!" ஞானையன் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார். நடந்தேன். பின்னால் கம்பி அதிர்ந்தது. முட்டத் தொடங்கிவிட்டது. வீட்டிலென்றால் ஒரு அதட்டல் போதும், விலகிப் போய்விடும். இங்கே அதற்கும் வாய் திறக்க முடியாது. நேசபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல்வரை நடந்தேன்.