எங்க சந்துல நிறுத்திக்கோங்க

பள்ளிக்கூடத் தெருவில் கயிறு கட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பெயரே மாறிப்போனது. கயிற்றுக்காரர். காலையில் மணியடிப்பதற்கு முன்பு தெருமுனையில் குறுக்கே கயிற்றைக் கட்டி, காரில் வருகிறவர்களை இறங்கி நடக்கச் சொல்வது அவன் வேலை. சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். "உங்க அப்பன் வீட்டு ரோடா?" என்பதெல்லாம் அதில் மரியாதையான வகை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நிற்பான். அப்புறம் நாள் முழுக்க யார் யார் கட்டடத்திலோ லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கிடப்பான். வீடு திரும்பும்போது செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது.

இத்தனையும் மூத்தவனுக்காக. பையனுக்கு மூச்சிரைப்பு. முன்பெல்லாம் பள்ளி வாசலில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு நிற்கும். அதற்குள் புகுந்து வெளியே வந்தானென்றால் ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பான். கயிறு வந்த பிறகு பிள்ளை ஓடுகிறான், கத்துகிறான், அடி வாங்குகிறான். அப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஆரம்பத்தில் கயிறு நிலைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை. தினமும் சண்டை. கயிறு மதியமும் அவிழாது; பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவது என்று பெற்றோர் கூட்டத்தில் ஆளாளுக்கு எகிறினார்கள். இப்படியே போனால் கயிற்றை எடுத்துவிடுவேன் என்றார் தலைமையாசிரியை. அப்போது நம் ஆள்தான் பெரிய வள்ளல் மாதிரி மைக்கைப் பிடித்தான். "எங்க வீடு பக்கத்துச் சந்துதான். எங்க சந்துல நிறுத்திக்கோங்க. நான் பாத்துக்கறேன்." கைதட்டினார்கள். அவனுக்கும் உச்சி குளிர்ந்தது.

"மதியமானா வாசல்ல ஒரே இரைச்சலா இருக்கு," என்று மனைவி சொன்னாள். "நல்ல காரியம், கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றான். ஜன்னலைச் சாத்தினால் ஒற்றை அறை வெந்துபோகிறது என்றும் சொன்னாள். அதற்குள் அவன் சோற்றுத் தட்டின் முன்பே தூங்கிவிட்டான்.

இப்போது இளையவள் இருமுகிறாள். இன்னும் பள்ளிக்கே போகாத குட்டி. அவளுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்ததேயில்லை. சளியாக இருக்கும் என்று கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. ஒருநாள் காலை இருவருமாக டாக்டரிடம் தூக்கிப்போனார்கள்.

"வீட்டுப் பக்கம் புகை கிகை இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் இல்லைங்க டாக்டர். நாங்கதான் பள்ளிக்கூடத் தெருவுல கார் வர்றதையே நிறுத்திட்டோமே," என்றான் பெருமையாக.

மனைவி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்ததும்தான் சொன்னாள். "இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க. மதியம் ஒரு தடவை வீட்டுல இருந்து பாருங்க."

இருந்தான். பார்த்தான்.

பள்ளி விட வெகுநேரம் முன்பே முதல் கார் வந்துவிட்டது. நிழல் பிடிக்கத்தான். பின்னாலேயே மற்றவை. சந்து நிறைந்தது. வெயிலுக்கு ஏசி வேண்டுமே, ஒரு வண்டியும் அணையவில்லை. தரைத்தள வீடு, தாழ்ந்த ஜன்னல். குட்டி கட்டிலில் ஏறி நின்று, கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "மாமா கார்! மாமா கார்!" என்று குதித்தாள். அவள் மூக்குக்கு நேர் கீழே ஒரு புகைக்குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளை வாரி எடுத்தான். பிஞ்சு உள்ளங்கை இரண்டிலும் கம்பியின் கரி.

யாரைத் திட்டுவது? கூப்பிட்டவனே அவன்தானே.

குழந்தையோடு வெளியே போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினான். உள்ளே மனைவியின் தம்பி சீட்டைச் சாய்த்துப் போட்டு, தன் பையனைக் கூட்டிப்போகக் காத்திருந்தான்.

"என்ன மாமா, டீயா? எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"டீ இல்ல மாப்ள. வண்டிய ஆஃப் பண்ணு."

"வெந்துடுவேன் மாமா."

"அப்ப இறங்கி அந்த ஜன்னல்கிட்ட கொஞ்சம் நில்லு."

சிரித்துக்கொண்டே போய் நின்றான். குனிந்து, குட்டி நிற்கும் உயரத்துக்கு முகத்தை வைத்தான். சிரிப்பு போனது. இருமிக்கொண்டே வந்து, சாவியைத் திருப்பி எடுத்தான். நல்லவன்தான். காரிலிருந்து இறக்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த காரில் இருந்தவருக்கு அவன் உறவுமில்லை, பழக்கமுமில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"என்ன சார் இது? இங்க நிறுத்துங்கன்னு நீங்கதானே மைக் பிடிச்சுச் சொன்னீங்க?"

"சொன்னேங்க. பெரியவனை மட்டும் நினைச்சுச் சொல்லிட்டேன். இவ ஞாபகத்துக்கே வரல."

குட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அந்த மனிதருக்கும் சங்கடமாகிவிட்டது.

"சரி விடுங்க. நாளையிலருந்து எல்லாரும் அடுத்த சந்துக்குப் போயிடறோம். போதுமா?"

போதும் என்று வாய் வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தைதான். சொன்னால் உள்ளே போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். ஜன்னலைத் திறந்து வைக்கலாம். குட்டிக்குச் சரியாகிவிடும். அடுத்த சந்தில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளி வாசலிலிருந்து கார்களை இந்தப் பக்கம் அனுப்பியபோதும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தது.

"அங்கயும் ஒரு வீட்டுல குழந்தை இருக்கும்ங்க," என்றான். "எங்கயும் போக வேணாம். இங்கயே நில்லுங்க. வண்டிய மட்டும் ஆஃப் பண்ணிடுங்க."

அவர் குழந்தையைப் பார்த்தார், பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். சந்து முழுக்க மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. நாளைக்கும் வரும், நாளைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும். குட்டியை மனைவியிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, அவன் அடுத்த கண்ணாடியைத் தட்டினான்.