ஏழாம் அத்தியாயத்து மழை

"அன்னிக்கு மழையே பெய்யலைங்கிறேன் மாப்ள. எத்தனை தடவை சொல்றது?"

"பாலத்தையே அடிச்சிட்டுப் போன வெள்ளம் மச்சான். யாரோ குழாயைத் திறந்துவிட்டா வந்துச்சு?"

"மலையில பெஞ்சது. இங்க பளிச்சுனு வெயில்."

ஜன்னல் திறந்திருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது, மூடியிருந்தாலும் கேட்டிருக்கும். மச்சான் ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கை புருஷன் ஊரின் பழைய வெள்ளத்தை நாவலாக எழுத, இவர் சிவப்புப் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கதாநாயகியின் குடையை அடித்தார். கைக்கடிகாரத்தை அடித்தார். காதலர்கள் பிரிகிற ஏழாம் அத்தியாயத்து மழையையும் அடிக்கப் போனபோதுதான் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

நாற்பதாம் பக்கத்தில் மட்டும் பென்சில் படவில்லை. அங்கேதான் பாலத்துக் காவலாளி ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தி, ஒரு பஸ் ஜனத்தைக் காப்பாற்றுகிறார். அவர் மச்சானின் தாத்தா. அந்த ஒரு கேட்டுக்காக மூன்று தலைமுறையாக மச்சான் வீடு 'பாலத்தார் வீடு'. தபால்காரர்கூடக் கதவு எண் பார்ப்பதில்லை.

மழை இல்லை என்பதற்கு அத்தாட்சி காட்ட, மறுநாள் மச்சான் காப்பகத்துக்குப் போய் வெள்ளம் வந்த நாளின் பாலத்துப் பணிப் பதிவேட்டை நகலெடுத்தார். வானம் தெளிவு. அடுத்த வரி: காவலாளி பல்வலியால் விடுப்பு, கேட்டைச் சாத்தியவர் பாலத்தைப் பெருக்குகிற பெண்.

மூன்று நாள் மச்சான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகவில்லை. சண்டை கேட்காமல் தெருவுக்குச் சோறு இறங்கவில்லை.

நகல் நாலாக மடிந்து மச்சானின் சட்டைப்பையில் கிடந்தது. கிழித்தால் யாருக்குத் தெரியும்? அந்தப் பதிவேட்டை இனி யார் தூசி தட்டப் போகிறார்கள்? நாலாம் நாள் மாப்பிள்ளையிடம் போய், "மழை பெஞ்சிட்டுப் போகட்டும் மாப்ள, கதைதானே," என்றார்.

"உடம்புக்கு என்ன மச்சான்?"

மச்சானின் கண் நாற்பதாம் பக்கத்திலேயே நின்றது. தப்பென்று தெரிந்த வரி, அடிபடாமல் உட்கார்ந்திருந்தது. கை அரித்தது. ஸ்கேல் வைத்துத் தாத்தாவை நேர்கோட்டில் அடித்துவிட்டு, நகலை மேலே வைத்தார்.

தங்கை எட்டிப் படித்தாள். "பல்வலியா அண்ணே? சரி, இனிமே நம்ம வீடு பல்வலியார் வீடு."

தெரு அந்தப் பேரை உடனே பிடித்துக்கொண்டது. நாவல் வந்ததும், பெருக்குகிற பெண்ணின் கொள்ளுப்பேரன் நகலைப் பார்க்க மச்சான் வீட்டுக்கு வந்தான். ஒரே பக்கத்தைப் பார்க்க நாலு முறை வந்தான். கடைசியில் மச்சானின் மகளைக் கட்டிக்கொண்டான். இப்போது மகளும் மருமகனும் இருக்கிற வீடுதான் பாலத்தார் வீடு. நாவல் எழுதிய மாப்பிள்ளையும் தங்கையும் வேலை மாற்றலில் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அச்சான நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் மழை கொட்டுகிறது. 'பெஞ்சிட்டுப் போகட்டும்' என்று மச்சான் வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதானாம்.