திருப்புளியின் காற்றுத்தடுப்பு

அவருக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தவன் மச்சான்தான், மனைவியின் தம்பி. குழாய் ஒழுகினாலும் கையில் திருப்புளி, கடிகாரம் நின்றாலும் திருப்புளி. வீட்டில் சண்டை வந்தால்கூட மனுஷன் திருப்புளியோடு கதவுக் கீலை முடுக்கப் போய்விடுவார். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். எரிச்சலாக வரும், ஆனால் வீட்டில் ஒரு கதவும் முனகாது.

இப்போது அவர் தலையில் விழுந்திருந்தது உயிர்ப் பிரச்சினை. மனைவிக்கு இதய வால்வு ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரி வேறு ஊரில், நெடுஞ்சாலையில் அரை நாள் ஓட்டம். முதல் தடவை கிளம்பியபோது ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் "மூச்சு முட்டுது, இறங்கணும்" என்று அவள் கதவைத் திறக்கப் பார்த்தாள். திரும்பி வந்தார்கள். ஆம்புலன்ஸ் என்ற பேச்சை எடுத்தாலே, "பெட்டியில வச்சு மூடவா?" என்று கேட்டாள். அடுத்த தடவை காரின் கூரைக் கதவான சன்ரூஃபைத் திறந்துவைத்துக்கொண்டு போனார்கள். வேகம் எடுத்ததும் காற்று உள்ளே புகுந்து தொம்தொம்மென்று காதில் அறைந்தது. "தலை வெடிக்குது" என்று அழுதாள். மறுபடியும் வீடு. இன்னொரு தேதி கொடுத்த டாக்டர், இதுவும் தவறினால் ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு இருக்காது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்தத் தேதிக்கு நாளைக் காலையில் கிளம்ப வேண்டும்.

கார் பழைய மாடல். குப்பையாய்க் கிடந்ததை வாங்கி அவரே உயிர்கொடுத்தது. சன்ரூஃபின் முன்விளிம்பில் காற்றை மேலே தூக்கிவிடும் தடுப்புத் தகடு ஒன்று இருக்க வேண்டும். வாங்கும்போதே அது இல்லை. கடையில் கிடைத்த பிளாஸ்டிக் தடுப்பை ஒட்டிப் பார்த்தார், அது விசில் அடித்தது. ஊரில் இருந்த பழைய இரும்புக் கடைகளை எல்லாம் சலித்து, அதே மாடல் கார் ஒன்றை வெட்டப்போன இடத்தில் ஒரிஜினல் தடுப்பைக் கண்டுபிடித்து, கழற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வந்ததும் ஷெட்டுக்குள் நுழைந்தவர்தான். பழைய திருகாணி ஒன்று துருப்பிடித்துத் தலை வழுக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், துளையிட்டு எடுத்தார். தடுப்பைப் பொருத்திப் புதிய திருகாணியை முடுக்கிவிட்டு, "கூரையைத் திற" என்றார். மச்சான் கைப்பிடியைச் சுற்றினான். கூரை பின்னால் போனது. தடுப்பு எழவே இல்லை.

"என்ன மாமா, சாஷ்டாங்கமா விழுந்து கிடக்கு?"

"வாயை மூடுறா."

கையால் தூக்கினால் எழுந்தது, விட்டால் படுத்தது. திருப்புளி தகட்டைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரு, எழுந்திருன்னு சொல்றேன்ல" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். மச்சானுக்குச் சிரிப்பு போய்விட்டது. மெல்லச் சொன்னான்: "மாமா, தகட்டைத் தாங்குற இடது கையையும் வலது கையையும் மாத்திப் போட்டிருக்கீங்க. ஸ்பிரிங் கீழே இழுக்குது."

ஆயுசு பூராவும் ஊர்ச் சாமானையெல்லாம் சரிசெய்தவர், தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அவசரத்தில் பிரித்ததில் ஒரு ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போய் விழுந்தது. இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் துழாவினார்கள். அது இல்லாவிட்டால் எல்லாம் பாழ்.

டீயோடு வந்து வாசலில் நின்றிருந்த மனைவி குனிந்து எதையோ எடுத்தாள். கையைச் சற்று நேரம் மூடியே வைத்திருந்தாள். பிறகு நீட்டினாள். "இதுவா பாருங்க."

"அம்மா தாயே!" என்று பிடுங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

மறுநாள் மச்சான் ஆஸ்பத்திரி வேலைகளைப் பார்க்க முன்கூட்டியே போய்விட்டான். காரில் இவர்கள் இரண்டு பேர்தான். நெடுஞ்சாலையில் கூரையைத் திறந்தார். தடுப்பு டக்கென்று எழுந்து நின்றது. வேகம் கூடியது. காற்று தலைக்கு மேலேயே போனது. கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அமைதி.

"பாத்தியா! சத்தம் இருக்கா? சொல்லு, இருக்கா?"

அப்போதுதான் அவர் காதில் விழுந்தது, கடகடவென்று பொடிச் சத்தம். ஏதோ திருகாணி தளர்ந்துவிட்டது. டாஷ்போர்டைத் தட்டினார். மேலே கைவைத்து அழுத்தினார். நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்துக் காதைச் சாய்த்தார். சத்தம் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. அவள் பற்கள்தான் அடித்துக்கொண்டிருந்தன.

காரை ஓரங்கட்டினார். "என்னம்மா? மூச்சு முட்டுதா?"

"இல்ல."

"காத்தா?"

"அதான் சரி பண்ணிட்டீங்களே. இனிமே சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல." உடைந்து அழுதாள். "எனக்கு மூச்சும் முட்டல, தலையும் வெடிக்கல. பயங்க. மயக்க மருந்து குடுத்தா அப்படியே போயிடுவேன்னு பயம். நேத்து அந்த ஸ்பிரிங்கைத் தூக்கி எறிஞ்சிடலாம்னுகூட நினைச்சேன். நீங்க தரையில தவழ்ந்ததைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவர் கை வழக்கம்போல டாஷ்போர்டு அறைக்குள் போய்த் திருப்புளியை எடுத்தது. எதை முடுக்குவது? ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணி ஒன்றையே திருப்பிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

"எனக்கும் பயம்தாண்டி," என்றார். "ராத்திரியெல்லாம் நீ மூச்சு விடுறியான்னு பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல. அதான் இந்தத் தகட்டைக் கட்டிக்கிட்டு அழுதேன்."

அவள் திருப்புளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, முதல் தடவையே வந்திருப்பேனே."

காரைக் கிளப்பினார். சற்றுத் தூரம் போனதும், "கியர் மாத்தணும், கையை விடு" என்றார்.

"ம்ஹும்" என்றாள் அவள்.