சனிக்கிழமைக் கட்டம்

திங்கட்கிழமை காலை, அந்த வாரத்து வேலைத்திட்டம் எழுதும் பலகை முன்னால் அமிர்தவள்ளி அப்படியே நின்றுவிட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூன்றாவது தையல் லைனுக்குப் பதினோரு வருடமாக அவள்தான் சூப்பர்வைசர். நாலு மாடல், ஏழு நிறம், அடித்தல் திருத்தல் என்று சந்தைக்கடையாகக் கிடக்கும் பலகையை யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். ஒரே மாடல். ஆயிரம் ஜோடி. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு இருநூறு. சனிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

"ஒரு நேரத்துல ஒரு மாடல் போதும்க்கா. உங்களுக்கும் பேஜார் கம்மி" என்றாள் ஹேமலதா. பிளானிங்குக்குப் புதிதாக வந்திருக்கும் வேலூர்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! இன்றைக்கு மாடலைக் குறைக்கிறவள் நாளைக்கு ஆளைக் குறைக்க மாட்டாளா? அந்தக் காலிக் கட்டம்தான் லைனை மூடப்போகிற நாள் என்று அமிர்தவள்ளி முடிவே கட்டிவிட்டாள். 'சனிக்கிழமை இன்னா மேடம்?' என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் தன் பயம் தெரிந்துவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அங்கே சூப்பர்வைசர்கள் எல்லோரும் கமுக்கமாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. லைன் நன்றாக ஓடுகிற நாளில் தைத்து முடித்த ஷூ மேல்பாகத்தில் சில ஜோடிகளை ஒளித்து வைப்பார்கள். மெஷின் படுத்துவிடும் நாளில் எடுத்துக் கணக்குக் காட்டலாம். அமிர்தவள்ளியும் தினம் ஆறு ஜோடியை நூல் பீரோவுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் போட்டுவந்தாள். நாலு மாடல் ஓடிய காலத்தில் எது எங்கே நிற்கிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. அந்தப் பெட்டியை யாரும் தேடியதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹேமலதா வந்து நின்றாள். "கட்டிங்லருந்து எண்ணூறு வந்துச்சு. நீங்க குடுத்தது எழுநூத்தி எழுபத்தாறு. லைன்ல ஒண்ணும் நிக்கல. மீதி இருபத்தி நாலு எங்கக்கா?"

ஒரே மாடல் என்பதால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் கணக்கு. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"தெரியலயே மேடம்."

அந்த ஒரு பதிலால், வாசலில் லைன் பெண்கள் இருபத்தாறு பேரையும் நிறுத்திப் பையைச் சோதித்தார்கள். ஜாஸ்மினின் முறை வந்தது. மாதனூர் பஸ்ஸில் தினமும் அமிர்தவள்ளிக்கு இடம் போட்டு வைக்கிறவள் அவள். செக்யூரிட்டி அம்மா அவள் துணிப்பையைக் கவிழ்த்து உதற, சாப்பாட்டு டப்பாவோடு நாப்கின் பாக்கெட்டும் தரையில் விழுந்தது. லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாங்க இன்னா திருடிங்களா அக்கா?" என்று ஜாஸ்மின் அமிர்தவள்ளியைப் பார்த்துக் கேட்டாள்.

அமிர்தவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளே ஓடிப் பெட்டியை இழுத்து வந்து எல்லோர் முன்னாலும், வாசலில் நின்ற ஹேமலதாவின் எதிரில் வைத்தாள்.

"ஏன்க்கா இப்டி?"

"மெஷின் மக்கர் பண்ற நாளைக்குன்னு எடுத்து வெச்சேன் மேடம். சனிக்கிழமை லைன மூடப்போறீங்கன்னு நெனச்சிட்டேன்."

ஹேமலதா பெட்டியைத் திறந்து ஜோடிகளை எண்ணினாள். "மெஷின் மக்கர் பண்ணும், நாலு பேர் லீவு போடுவாங்கன்னுதான் விட்டுப்போனத முடிக்க அந்த நாள காலியா வெச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? சரி, உள்ள எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் கணக்குல சேத்துக்கலாம்."

வேலை தப்பிவிட்டது. அமிர்தவள்ளி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் அந்தத் துணிப்பை இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

மாதனூர் வரைக்கும் அமிர்தவள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.